ஓராங் அஸ்லி பிள்ளைகளின் ரத்தத்தில் இரும்பும் புரதமும் ஏன் குறைகின்றன? ஓர் எளிய விளக்கம்

2019 ஜூன் மாதம். கிளந்தான், குவா மூசாங் வட்டாரத்தில் உள்ள குவாலா கோ என்ற கிராமம் திடீரென்று நாட்டின் தலைப்புச் செய்தியானது. தாமான் நெகாராவின் கிளந்தான் நுழைவாயிலுக்கு அருகில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இடத்தில் வாழும் பாத்தேக் பூர்வக்குடி மக்களில் பத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். குடிநீரில் ஏதாவது கலந்துவிட்டதா, பக்கத்தில் உள்ள சுரங்கம் காரணமா என்றெல்லாம் முதலில் சந்தேகம் எழுந்தது. பிறகு சுகாதார அமைச்சு சொன்ன பதில் பலரையும் திகைக்க வைத்தது: தட்டம்மை.

தட்டம்மையா? தடுப்பூசி போட்டால் தடுக்கக்கூடிய நோய்தானே அது? நகரத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பெரும்பாலும் பத்து நாளில் எழுந்து ஓடிவிடுமே!

அந்தக் கேள்விக்குப் பதிலின் ஒரு பாதி தடுப்பூசி எட்டாத நிலை. மறுபாதி உடலுக்குள் இருக்கிறது. ஊட்டச்சத்து குறைந்த உடலில் தட்டம்மை வேறு மாதிரி நடந்துகொள்ளும். நிமோனியா, வயிற்றுப்போக்கு எனச் சிக்கல்கள் சேர்ந்து வரும். உயிரிழப்பு பல மடங்கு கூடும். அதனால்தான் பூர்வக்குடி மக்களின் ரத்தத்தில் இரும்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்ற கேள்வி ஆய்வுக்கூடத்தோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல.

ஆனா இதில் ஒரு சிக்கல் இருக்கு. அந்த எண்களை மேலோட்டமாகப் படித்தால், "அவங்க சரியாச் சாப்பிடறதில்ல" என்ற ஒற்றை முடிவுக்கு எளிதாகப் போய்விடலாம். உண்மை அப்படி இல்லை. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

ஓராங் அஸ்லி என்பது தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடி மக்களைக் குறிக்கும் பொதுப்பெயர். நெக்ரிட்டோ, செனோய், மெலாயு புரோட்டோ என்று மூன்று பெரும் பிரிவுகள். அவற்றுக்குள் 18 இனக்குழுக்கள். தெமியார், செமாய், ஜக்குன், தெமுவான், ஜஹாய், மா மெரி, பாத்தேக் என்று ஒவ்வொரு குழுவுக்கும் தனி வரலாறு உண்டு. பல குழுக்களுக்குத் தனி மொழியும் உண்டு. மொத்த எண்ணிக்கை சுமார் 2 லட்சம். நாட்டு மக்கள் தொகையில் ஒரு விழுக்காடுகூட இல்லை.

எல்லாரும் காட்டுக்குள் வாழ்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. கடலோரத்தில் மீன் பிடிப்பவர்கள் உண்டு. ரப்பரும் செம்பனையும் பயிரிடுபவர்கள் உண்டு. கோலாலம்பூரில் வேலை பார்ப்பவர்களும் உண்டு. ஆகவே "ஓராங் அஸ்லி ரத்தம்" என்று ஒரே ஒரு சராசரி கிடையாது. ஒரு குழுவில் கண்டதை இன்னொரு குழுவுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பதும் தவறு.

நாட்டின் சராசரி என்ன சொல்கிறது?

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 21.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் அது 29.9 விழுக்காடு. அதாவது பத்துப் பெண்களில் ஏறத்தாழ மூன்று பேர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள்.

நடுத்தர வருமானத்தில் மேல்தட்டில் இருக்கும் ஒரு நாட்டுக்கு இவை சின்ன எண்கள் இல்லை. கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறார்கள். ரத்தசோகை எல்லா இனத்தவரின் பிரச்சினையும்கூட.

இந்தப் பெரிய ஆய்வுகளின் அட்டவணைகளில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபா பூமிபுத்ரா, சரவாக் பூமிபுத்ரா என்று வரிசைகள் இருக்கும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான மக்கள் பெரும்பாலும் "மற்றவர்கள்" என்ற கடைசி வரிசைக்குள் கரைந்துவிடுகிறார்கள். நாட்டின் சராசரி முன்னேறும்போது அவர்கள் முன்னேறினார்களா, பின்தங்கினார்களா என்பது அதில் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு கிராமமாகப் போய் நடத்தப்படும் சிறிய ஆய்வுகள் முக்கியமாகின்றன. பல பத்தாண்டுகளாக அப்படி நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஓராங் அஸ்லி பிள்ளைகளிடையே ரத்தசோகை, எடைக்குறைவு, உயரக்குறைவு, குடற்புழுத் தொற்று ஆகியவை நாட்டின் சராசரியைவிட அதிகம்.

ரத்தத்தில் எதைத்தான் அளக்கிறார்கள்?

கிளினிக்கில் விரல் நுனியில் குத்தி, "எச்.பி. எவ்ளோ?" என்று பார்ப்பார்களே, அது ஹீமோகுளோபின். ரத்தச் சிவப்பணுக்களில் பிராணவாயுவைச் சுமக்கும் புரதம் அது. அதன் நடுவில் இருப்பது இரும்பு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி, கர்ப்பமில்லாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11, ஆண்களுக்கு 13. இதற்குக் கீழே போனால் ரத்தசோகை. இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 11. ஆறு மாதம் முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு 2024-இல் அதை 10.5 என்று மாற்றினார்கள்.

இரண்டாவது, ஃபெரிட்டின். உடல் இரும்பைச் சேமித்து வைக்கும் கிடங்கு என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே, மற்றவர்களிடம் 15-க்குக் கீழே போனால் கிடங்கு காலி என்று அர்த்தம்.

மூன்றாவது, ஆல்புமின். கல்லீரல் தயாரிக்கும் புரதம். ஆரோக்கியமான ஒருவரிடம் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இது மிகவும் குறைந்தால் நீர் கசிந்து கால், முகம் வீங்கும்.

நான்காவது, துத்தநாகம். வளர்ச்சிக்கும், காயம் ஆறுவதற்கும், நோய் எதிர்ப்புக்கும் தேவையான தாது. வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசலோடு 10 முதல் 14 நாள் துத்தநாகமும் கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2004-இலேயே பரிந்துரைத்தன.

எண் குறைந்தால் சத்து குறைவு. அவ்வளவுதானே?

இங்கேதான் விஷயமே இருக்கு. அவ்வளவு மட்டும் இல்லை.

உடலில் தொற்று புகுந்ததும் ரத்தத்தின் கணக்கே மாறிவிடும். கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். அதனால் உடல் இரும்பை எடுத்துக் கிடங்குக்குள் பூட்டி வைக்கும். அப்போது ஃபெரிட்டின் ஏறும். உண்மையில் இரும்பு பற்றாக்குறை உள்ள பிள்ளைகூட அந்த நேரத்தில் "நார்மல்" என்று தேறிவிடலாம். இதற்காகவே, தொற்று உள்ளவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வேறு எல்லை வைத்திருக்கிறது: சிறு பிள்ளைகளுக்கு 30, பெரியவர்களுக்கு 70.

துத்தநாகமும் ஆல்புமினும் நேர்மாறாகப் போகும். தொற்று வந்தால் இரண்டும் இறங்கும். நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்குக் கடும் காய்ச்சல் வந்தாலும் ஆல்புமின் குறையும். ஆகவே குறைந்த ஆல்புமினைப் பார்த்தவுடன் "புரதம் சாப்பிடவில்லை" என்று முடிவு கட்ட முடியாது. ஊட்டச்சத்து நிபுணர்கள் இன்று இதை உணவின் அளவுகோலாகப் பார்ப்பதைவிட அழற்சியின் அடையாளமாகத்தான் அதிகம் பார்க்கிறார்கள்.

இன்னொன்று. ரத்தத்தின் "மொத்தப் புரதம்" என்று ஓர் அளவு இருக்கிறது. அதில் ஆல்புமினும் சேரும், நோய் எதிர்ப்புப் புரதங்களான குளோபுலின்களும் சேரும். புழு, ஒட்டுண்ணி, அடிக்கடி வரும் காய்ச்சல் எனப் பல தொற்றுகளோடு வாழும் மக்களிடம் குளோபுலின் கூடியிருக்கும், ஆல்புமின் குறைந்திருக்கும். கூட்டினால் மொத்தம் சரியாகவே வரும்! பரிசோதனைத் தாளில் "மொத்தப் புரதம் இயல்பு" என்று இருக்கும். உள்ளே ஒரு உடல் ஓயாமல் போராடிக்கொண்டிருப்பது அந்த ஒற்றை வரியில் தெரியாது.

தாதுக்களிலும் இதே கதைதான். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடல் எலும்பிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். எனவே ரத்தக் கால்சியம் சரியாக இருப்பதை வைத்து உணவில் கால்சியம் போதும் என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, அந்தக் கால்சியத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்த மாதிரி காட்டும். துத்தநாகத்தை எடுத்தால், உடலில் உள்ளதில் மிகச் சிறு பகுதி மட்டுமே ரத்தத்தில் ஓடுகிறது. மிச்சம் தசையிலும் எலும்பிலும்.

அதனால்தான் நல்ல ஆய்வு எதுவும் ஒரே ஓர் எண்ணோடு நிற்பதில்லை. சி-ரியாக்டிவ் புரதம் என்ற அழற்சிக் குறியீட்டையும் சேர்த்து அளப்பார்கள். அது ஏறியிருந்தால் மற்ற எண்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படிப்பார்கள்.

புழு குடிக்கும் ரத்தம்

சரி, தொற்று தொற்று என்கிறோமே, எந்தத் தொற்று?

ஓராங் அஸ்லி கிராமங்களில் செய்யப்பட்ட ஆய்வுகளில் முதலில் வந்து நிற்பவை மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள். உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. பல கிராமங்களில் பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கொக்கிப்புழுவில் ஒரு வகை, ஒரு நாளைக்கு ஒரு புழுவுக்கு சுமார் 0.03 மில்லிலிட்டர் ரத்தத்தை இழக்கச் செய்யும். ஒரு சொட்டைவிடக் குறைவு. ஆனால் குடலில் 100 புழுக்கள் இருந்தால்? நாளுக்கு 3 மில்லிலிட்டர். அதில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்பு இருக்கும். ஒரு சிறு பிள்ளையின் உடல் ஒரு நாள் உணவிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் இரும்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மேலே ஊற்ற ஊற்றக் கீழே ஓட்டை. கொக்கிப்புழுவின் இன்னொரு வகை இதைவிடப் பல மடங்கு ரத்தம் குடிக்கும். ரத்தத்தோடு புரதமும் குடலுக்குள் கசியும். ஆல்புமின் குறைய அதுவும் ஒரு வழி.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது, மலிவாகவே. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே ஒரு மாத்திரை. மலேசியப் பள்ளிகளில் 1974-இல் புழுநீக்கத் திட்டம் தொடங்கியது. நாடு முழுக்கத் தொற்று குறைந்ததால் 1983-இல் அது நிறுத்தப்பட்டது. சராசரியைப் பார்த்தால் நியாயமான முடிவுதான். ஆனால் சராசரியில் தெரியாத கிராமங்களில் புழுக்கள் போகவில்லை. மாத்திரை கொடுத்தாலும், கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் காலணியும் இல்லாத இடத்தில் சில மாதங்களிலேயே தொற்று திரும்பிவிடுகிறது.

நமக்கும் இது முற்றிலும் அந்நியமான கதை இல்லை. 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக்குழு ஒன்று மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளுக்கு வந்து, தோட்டத் தொழிலாளர்களிடையே கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. அந்தக் காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் யார் என்று சொல்லத் தேவையில்லை. வெளுத்த முகமும் மூச்சுவாங்கலும் "சோம்பேறித்தனம்" என்று பெயர் வாங்கிய காலம் அது. ஒரே நோய், அன்று லயத்து வீடுகளில், இன்று உட்புறக் கிராமங்களில்.

மரபணுவும் ஒரு காரணமா?

ஆமாம். இதைத் தவறவிட்டால் சிகிச்சையே தப்பாகிவிடும்.

தீபகற்பக் காடுகளில் மலேரியா ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இருந்திருக்கிறது. அதைத் தாக்குப்பிடிக்கும் வகையில் அங்கு வாழ்ந்த மக்களின் ரத்தச் சிவப்பணுக்களே மாறியிருக்கின்றன. ஒன்று, ஹீமோகுளோபின் இ. இன்னொன்று, தென்கிழக்காசிய ஓவலோசைட்டோசிஸ்: வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணு முட்டை வடிவத்தில் இருக்கும். இந்த இரண்டையும் மலாயா பூர்வக்குடி மக்களிடம் 1960-களில் ஆராய்ந்து எழுதியவர் லீ-இஞ்ஜோ லுவான் எங் என்ற பெண் விஞ்ஞானி.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் ஹீமோகுளோபின் இ வந்தால், அந்தப் பிள்ளை ஆரோக்கியமாகவே இருக்கும். ஆனால் சிவப்பணுக்கள் கொஞ்சம் சிறியவையாக இருக்கும். இரும்பு பற்றாக்குறையிலும் அணுக்கள் சிறுத்துத்தான் போகும். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே தெரியும். அணுக்களின் அளவை மட்டும் பார்த்து மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தால் பயன் இருக்காது. "மாத்திரை கொடுத்தும் ஏறல, ஒழுங்கா முழுங்கியிருக்க மாட்டாங்க" என்று பழி மட்டும் நோயாளி மேல் விழும்.

நீங்கள் நான்காம் படிவத்தில் படித்தபோது பள்ளியில் தலசீமியா பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்களா? அதன் காரணமும் இதை ஒட்டியதுதான். தலசீமியா மரபணு உள்ளவரும் ஹீமோகுளோபின் இ உள்ளவரும் திருமணம் செய்தால், பிறக்கும் பிள்ளைக்குக் கடுமையான ரத்தசோகை வர வாய்ப்பு உண்டு. முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பரிசோதனை.

சாப்பாடு எங்கே போனது?

இவ்வளவும் சொன்ன பிறகு, உணவுக்குப் பங்கே இல்லை என்று அர்த்தமாகாது. நிறையவே இருக்கிறது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். "ஏன் சத்தானதைச் சாப்பிடவில்லை?" என்று கேட்பதைவிட, "முன்பு சாப்பிட்டது இப்போது எங்கே?" என்று கேட்டால் விஷயம் புரியும்.

மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். பல ஓராங் அஸ்லி குடும்பங்களின் முக்கிய உணவு. வயிறு நிறையும், சக்தி கிடைக்கும். ஆனால் 100 கிராமில் புரதம் 1.5 கிராம்கூட இல்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு ஏறத்தாழ 13 கிராம் புரதம் வேண்டும். கிழங்கிலிருந்து மட்டும் அதை எடுக்க வேண்டுமானால் கிட்டத்தட்ட ஒரு கிலோ சாப்பிட வேண்டும். எந்தக் குழந்தையால் முடியும்? ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆற்று மீன் ஒரு துண்டு, வேட்டையில் கிடைத்த இறைச்சி ஒரு கைப்பிடி இருந்தால் கணக்கு நிரம்பிவிடும். எளிதில் உறிஞ்சப்படும் இரும்பும் துத்தநாகமும் கூடவே வந்துவிடும்.

அதாவது கிழங்கு மட்டும் தட்டில் இருந்த காலம் என்று ஒன்று இல்லை. பக்கத்தில் ஆறும் காடும் இருந்தன. காடு வெட்டப்பட்டு, ஆறு கலங்கி, சுற்றிலும் செம்பனை வந்த பிறகு, தட்டில் மிஞ்சியது கிழங்கும் சோறும். கடையிலிருந்து வருவது பெரும்பாலும் உடனடி மீ, பிஸ்கட், இனிப்புப் பால். இவை வயிற்றை நிரப்பும், இரும்பைத் தராது. இதனால் ஒரே வீட்டில் பிள்ளை மெலிந்தும், அம்மா உடல் பருமனோடும் ரத்தசோகையோடும் இருப்பதையும் பார்க்க முடிகிறது.

ஆக, ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து போனால் நிலத்தில் வந்து நிற்கிறோம். 1954-ஆம் ஆண்டு பூர்வக்குடி மக்கள் சட்டம் அவர்களுக்கென்று நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஆனால் ஒதுக்கவும் அதை ரத்து செய்யவும் அதிகாரம் மாநில அரசின் கையில். டெங்கில், புக்கிட் தம்போயில் நெடுஞ்சாலைக்காக நிலத்தை இழந்த தெமுவான் மக்கள் தொடுத்த சாகோங் தாசி வழக்கில், அவர்களுக்கு அந்த நிலத்தில் பாரம்பரிய உரிமை உண்டு என்று 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் அதை உறுதி செய்தது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2013-இல் பூர்வக்குடி நில உரிமை பற்றித் தேசிய விசாரணை அறிக்கையை வெளியிட்டது. சட்டமும் அறிக்கையும் ஒரு பக்கம் இருக்க, நிலப் பிரச்சினைகள் இன்றும் முழுமையாகத் தீர்ந்தபாடில்லை.

என்ன செய்கிறார்கள்? எது வேலை செய்யும்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஊட்டச்சத்து குறைந்த பிள்ளைகளுக்கு உணவுக்கூடை கொடுக்கும் திட்டம் 1989 முதல் இருக்கிறது. பள்ளிகளில் துணை உணவுத் திட்டம் 1979 முதல். நடமாடும் மருத்துவக் குழுக்கள் உட்புறக் கிராமங்களுக்குப் போகின்றன. ஓராங் அஸ்லி மக்களுக்கென்றே கோம்பாக்கில் ஒரு மருத்துவமனை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது.

ஆனால் உணவுக்கூடை வீட்டுக்குப் போனால், அது பட்டியலில் பெயர் உள்ள ஒரு பிள்ளைக்கு மட்டும் போகாது. இருப்பதைப் பகிர்ந்து உண்பது அந்தச் சமூகத்தின் பழக்கம். ஒரு பிள்ளைக்குக் கணக்குப் போட்ட கூடை ஏழு பேருக்குப் பிரியும். அதைத் தவறாகப் பயன்படுத்துவதாகச் சொல்ல முடியுமா? கணக்குப் போட்டவர்கள்தான் குடும்பத்தை மறந்துவிட்டார்கள்.

எல்லாருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்துவிடலாமே என்றும் தோன்றும். அதிலும் எச்சரிக்கை தேவை. தான்சானியாவின் பெம்பா தீவில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்றின் முடிவு 2006-இல் வெளியானது. மலேரியா மிகுந்த அந்த இடத்தில், இரும்பும் ஃபோலிக் அமிலமும் தினமும் பெற்ற பிள்ளைகளிடையே மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் கூடின. மலேசியாவின் நிலை பெம்பா போன்றது அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: தொற்றைக் கவனிக்காமல் தாதுவை மட்டும் ஊற்றினால் நல்லது நடக்கும் என்ற உத்தரவாதம் இல்லை.

புழுநீக்கம், தண்ணீர், கழிப்பறை, தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்குத் தொடர் கவனிப்பு, முட்டையும் மீனும் கிடைக்கும் வழி. இவை சேர்ந்து வந்தால்தான் எண் ஏறும், ஏறிய எண் நிற்கும். ஒன்று மட்டும் வந்தால் சில மாதம் ஏறும், பிறகு இறங்கும்.

ரத்தம் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது?

கடைசியாக, இளையோர் அதிகம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆய்வுக்காக ரத்தம் எடுத்துப்போனவர்கள் திரும்பி வந்து முடிவைச் சொன்னார்களா?

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் பழங்குடி மக்கள் 1990-களில் நீரிழிவு ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். பிறகு அதே மாதிரிகள் தங்களைக் கேட்காமல் மனநோய், மக்கள் இடப்பெயர்வு போன்ற வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டது தெரியவந்தது. வழக்குத் தொடுத்தார்கள். 2010-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் சமரசத்துக்கு வந்து, இழப்பீடு கொடுத்து, ரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது.

ஒப்புதல் என்பது மலாய் மொழியில் அச்சடித்த தாளில் கைநாட்டு வாங்குவதோடு முடிவதில்லை. எதற்காக எடுக்கிறோம், வேறு எதற்காவது பயன்படுத்துவோமா, உங்கள் பிள்ளையின் எண் என்ன, அதற்கு என்ன சிகிச்சை என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். ரத்தசோகை என்று கண்டுபிடித்துவிட்டு, மருந்து கொடுக்காமல் கட்டுரை மட்டும் எழுதிவிட்டுப் போனால், அந்தக் கிராமம் அடுத்த முறை தடுப்பூசிக் குழுவையும் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தின் விலை என்னவாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால்

"பூர்வக்குடி பிள்ளைகளில் இத்தனை விழுக்காட்டினருக்கு ரத்தசோகை" என்று ஒரு தலைப்பு உங்கள் கைப்பேசியில் வரலாம். பகிர்வதற்கு முன் நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள்.

எந்த இனக்குழு, எந்த ஊர்? எல்லா ஓராங் அஸ்லி மக்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறார்களா?

எதை அளந்தார்கள்? ஹீமோகுளோபின் மட்டுமா, ஃபெரிட்டினும் அழற்சிக் குறியீடும் சேர்த்தா?

புழுத் தொற்றும் ஹீமோகுளோபின் இ-யும் கணக்கில் வந்தனவா?

முடிவு தெரிந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது?

முதல் மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் செய்தியிலோ ஆய்வறிக்கையிலோ கிடைத்துவிடும். நான்காவதற்குப் பதில் இல்லையென்றால், அந்தச் செய்தி இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அப்போ கருத்துப் பகுதியில் "பாவம்" என்று எழுதுவதைவிட, அந்த நான்காவது கேள்வியை எழுதுங்கள்.